ஒரு ராத்திரி இருட்டு வேண்டும்

மகனே,

நீ என்னைக் கேட்காமல் என் வீட்டு வாசலில் விளக்கு வைத்தாய். அது தப்பு. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். எழுத எழுத என் கோபம் எங்கெங்கோ போய்விடுகிறது. திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நல்லதுக்குத்தான் செய்தாய். அதை நான் மறுக்கவில்லை. ஆவணியில் வாசல் படியில் இருட்டில் கால் தவறி விழுந்தேன், மணிக்கட்டு வீங்கியது. வேங்கிக்காலில் உன் கரண்டு ஆபீசிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். படியைப் பார்த்தாய், தெருவைப் பார்த்தாய், என் கையைப் பார்த்தாய், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அப்புறம் கீழ்பென்னாத்தூரில் என் தங்கை மகள் கல்யாணம் வந்தது. உன் அம்மா முட்டி வலி என்று கிளம்பவில்லை. சரியாக அன்றைக்குப் பார்த்து முட்டி வலி ஏன் வந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கல்யாணம் முடிந்து ராத்திரி காஞ்சி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நம் தெருவுக்குள் நுழைந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகிய தெரு. அன்றைக்கு அது வேறு எவனுடைய தெருவாகவோ இருந்தது. கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி மஞ்சளாக ஒரே வெளிச்சம். ஏதோ யோசனையில் பக்கத்துத் தெருவுக்குள் வந்துவிட்டேன் என்று நினைத்து, என் வீட்டையே தாண்டி நடந்துகொண்டிருந்தேன்.

"இன்னாங்க, எங்க போறீங்க? நம்ம வூடு இங்க இருக்குது" என்று உன் அம்மா படியில் நின்றுகொண்டு கத்தினாள். எதிர்வீட்டு வள்ளி அந்த விளக்கின் அடியிலேயே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தினி வருஷமா இருட்டுல கரெக்டா வந்தாரு. லைட்டு போட்டா மாமாவுக்கு வூடு தெரியலியே!" என்றாள்.

அன்றைக்கு அண்ணாந்து பார்த்தேன். மலைக்கு இந்தப் பக்கம் இருப்பதில் நமக்கு ஒரு லாபம் உண்டு என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். கோயில், பஸ் ஸ்டாண்டு, லாட்ஜுகள் எல்லாம் மலைக்குக் கிழக்கே. அந்த வெளிச்சத்தை மலை குறுக்கே நின்று மறைத்துவிடும். அதனால் அடி அண்ணாமலைக்கு மட்டும் வானம் கறுப்பாகக் கிடைத்தது. பௌர்ணமிக்குக் கறுப்பு போய்விடும், கிரிவலம் போகிறவர்கள் விடிய விடிய நம் வாசலைத் தாண்டிப் போவார்கள், அதெல்லாம் சரி. நிலாவோடு எனக்குச் சண்டை இல்லை. அது வரும், தேயும், போய்விடும். நீ வைத்த விளக்கு அமாவாசைக்கும் லீவு போடுவதில்லை. அன்றைக்கு மலை தெரிந்தது, மேலே ஒன்றுமே தெரியவில்லை. கம்பத்தின் தலையில் பூச்சி பறந்ததுதான் தெரிந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். நீ செய்தது தப்பு என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. ஆனால் இந்தத் தெருவில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தப்பாக இல்லை. வள்ளிக்குப் பூ கட்ட வெளிச்சம். பிள்ளைகள் படிக்கிறதுகள், படிக்காததுகள் சோடியம் லைட்டின் கீழே கேரம் ஆடுகிறதுகள். பொம்பளைகள் ராத்திரி வெளியே போக பயப்படுவதில்லை. போன மாசம் அந்த வெளிச்சத்தில்தான் கட்டுவிரியனைப் பார்த்து அடித்தார்கள். உன் அம்மா சாப்பிட்டதும் போய் வள்ளியோடு உட்கார்ந்துவிடுகிறாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஒரே ஒரு தப்பு இத்தனை பேருக்கு நல்லதாக இருக்க முடியுமா? ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். ஜன்னல் வழியாக அந்த மஞ்சள் என் மூஞ்சியில் விழுகிறது.

அந்த விளக்கின்மேல் கல்லெறிந்தது நான்தான். உனக்குத் தெரியும். யாரிடமும் கேட்காமல் வேறு பல்பு மாட்டிவிட்டுப் போனாயே, அப்போதே தெரிந்துகொண்டேன் உனக்குத் தெரியும் என்று. மன்னிப்புக் கேட்க மாட்டேன். பல கல் தெருக்கோடிக்குப் போனது, ஒன்று சரியாகப் போய் விழுந்தது. எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். வள்ளி ஜன்னலில் நின்றிருக்கிறாள். "கண்ணு கம்மியானாலும் குறி தப்பல பாரு மாமாவுக்கு" என்று இருட்டுக்குள் இருந்து குரல் வந்தது. குறியைப் பற்றி அவள் சொன்னது எனக்குச் சந்தோஷம். முதலில் சொன்னது மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் வானம் பார்க்கக் கற்றுக்கொண்டது கரண்டுக்குக் காத்திருந்துதான். நீ இதைக் கேட்டால் சிரிப்பாய். அந்தக் காலத்தில் மணிலாக் கொல்லைக்குத் தண்ணீர் விட மும்முனைக் கரண்டு ராத்திரியில்தான் வரும். எப்போது வரும் என்று சொல்ல ஆள் கிடையாது. மோட்டார் ரூம் வாசலில் கட்டிலைப் போட்டு, உள்ளே ஒரு பல்பைப் போட்டுவிட்டு வெளியே படுத்திருப்பேன். பல்பு எரிந்தால் எழுந்து மோட்டாரைப் போடணும். பல்பு எரியாத நேரமெல்லாம் வானம். அஞ்சாவதோடு நின்ற படிப்பு எனக்கு. பஞ்சாங்கத்தில் இருபத்தேழு நட்சத்திரப் பெயர் இருந்தது, மேலே நட்சத்திரம் இருந்தது, எது எது என்று காட்டத்தான் ஆளில்லை. லைப்ரரியில் ஒரு வான்படப் புத்தகம் எடுத்தேன். அதில் கிழக்கையும் மேற்கையும் மாற்றி அச்சடித்திருந்தார்கள். தப்பு என்று லைப்ரரிக்காரரிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும், அப்போது திசை சரியாக வரும் என்று பிற்பாடு தெரிந்தது. அதைப் புத்தகத்தில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

எண்பத்தொன்பதில் ஆடி மாதம், உனக்கு ஒன்பது வயசு. அம்மாவோடு சோறு எடுத்துக்கொண்டு வந்தவன் அங்கேயே படுத்துவிட்டாய். விடிகிறதுக்கு முன்னால் உன்னை எழுப்பினேன். அன்றைக்கு ஒன்றன்பின் ஒன்றாக நட்சத்திரம் விழுந்தது. நீ "அதோ, அதோ" என்று கட்டில்மேல் ஏறி நின்று கத்தினாய். உன் அம்மாவுக்குக் கோபம். நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஆகாது என்று அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உன் தலையைப் பிடித்துப் புங்க மரத்துப் பக்கம் திருப்பினாள். நீ மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று விழுந்தது. நான் "அதோ" என்றேன். திரும்பினாய், அது போய்விட்டது. உன் அம்மா மறுபடி தலையைத் திருப்பினாள். இப்படியே பாதி நட்சத்திரம், பாதி மரம். கடைசியில் நீ அழுதாய். "மரத்த காலைல பாத்துக்கறேன்மா, அது எங்கியும் போவாது" என்றாய். நானும் உன் அம்மாவும் அவ்வளவு சிரித்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சிரித்த சத்தத்தில் உள்ளே பல்பு எரிந்ததைக் கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கொல்லைக்குத் தண்ணீர் போகவில்லை.

இப்போது இரண்டாவது தப்புக்கு வருகிறேன். இதுவும் உன் தப்புதான். இரண்டாயிரத்து ஒன்றில் எரிநட்சத்திர மழை வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நவம்பரில் மழை மேகம் இல்லாமல் இருந்ததே ஓர் அதிசயம். திங்கட்கிழமை அதிகாலை என்று போட்டிருந்தது. நான் நம் வழக்கப்படி கணக்குப் போட்டேன். பொழுது விடிந்தால்தான் திங்கள் பிறக்கிறது. திங்கட்கிழமைக்கு உரிய பின்னிரவு என்றால், அந்தத் திங்கள் பகல் கழிந்து வரும் ராத்திரிதான். பஞ்சாங்கத்தில் அப்படித்தான். பேப்பர்காரன் நடுராத்திரி மணி பன்னிரண்டு அடித்ததும் கிழமையை மாற்றிவிடுகிறான், அதற்கு நான் என்ன செய்ய? தெருவுக்கெல்லாம் சொன்னேன். உனக்கும் சொல்லி அனுப்பினேன். கல்யாணமாகி மூன்று மாசம், மருமகளையும் அழைத்துக்கொண்டு திங்கள் ராத்திரி வந்தாய். களத்தில் பாய் விரித்து எல்லாரும் படுத்தோம். விடிய விடியப் படுத்திருந்தோம். எங்கேயோ ஒன்று, இரண்டு விழுந்தது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். "மாமா, உங்க மழைக்கு நாளைக்குக் கொடை எடுத்துனு வரேன்" என்று வள்ளி சொல்லிவிட்டுப் போனாள். நீ மட்டும் போகவில்லை. "இருக்கலாம்பா, இன்னும் நேரம் இருக்குது" என்றாய்.

போன மாசம் மருமகள் இங்கே வந்திருந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதற்கு முந்தின ராத்திரி, ஞாயிறு விடிந்தால் திங்கள் என்கிற அந்த ராத்திரி, வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில் நீங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறீர்கள். "எண்ண முடியலிங்க மாமா, பட்டாசு மாதிரி" என்றாள். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் "ஓகோ" என்று மட்டும் சொன்னேன். முடிந்துபோன மழைக்கு நீ மறுநாள் வந்து என் பக்கத்தில் படுத்திருக்கிறாய். மேலே ஒன்றும் விழாது என்று தெரிந்தும் "இன்னும் நேரம் இருக்குது" என்று சொல்லியிருக்கிறாய். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. இதற்கு நான் கோபப்பட வேண்டுமா, வேண்டாமா? மூன்று வாரமாக இதே யோசனை. கோபப்படலாம் என்று உட்கார்ந்தால், நீ குளிரில் ஒருக்களித்துப் படுத்து, ஒன்றும் விழாத வானத்தை என்னோடு சேர்ந்து பார்த்தது ஞாபகம் வருகிறது. சரி, விட்டுவிடலாம் என்றால், என்னை ஒன்பது வயசுப் பையனாக நினைத்துத் தலையைப் பிடித்து மரத்துப் பக்கம் திருப்பியிருக்கிறாயே என்று வருகிறது. உன் அம்மாவாவது சொல்லிவிட்டுத் திருப்பினாள்.

இப்போது எழுத வந்ததை எழுதுகிறேன். கல்லெறிந்த பிறகு நீ வேறு பல்பு மாட்டும் வரை வாசலில் பழைய இருட்டு இருந்தது. சந்தோஷமாகக் கட்டிலைப் போட்டேன். உன் அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். "கார்த்திகை எத்தினி தெரியுது உங்களுக்கு?" என்று கேட்டாள். ஆறு என்றேன். "நானும் ஆறுதான் எண்ணுனேன்" என்றாள். அவள் உள்ளே போன பிறகு மறுபடி பார்த்தேன். அந்த இடத்தில் ஆறு இல்லை, அஞ்சு இல்லை. சுண்ணாம்பு விரலால் தொட்ட மாதிரி ஒரு வெளுப்பு. அவ்வளவுதான். பனி என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். திருவண்ணாமலை வெளிச்சம் இப்போது மலையையும் தாண்டி வருகிறது என்று நினைத்தேன். அதுவும் உண்மைதான், மலை உச்சிக்கு மேலே வானம் வெளுத்துத்தான் கிடக்கிறது. பிறகு ஏன் ஆறு என்று சொன்னேன்? ஆறு என்று எனக்குத் தெரியும், அதனால் சொன்னேன். வானம் எனக்கு மனப்பாடம். எந்த மாசம், எந்த நேரம், எது எங்கே நிற்கும் என்று வீட்டுக்குள் உட்கார்ந்தே சொல்வேன். நான் பார்க்கிறேனா, ஞாபகத்திலிருந்து சொல்கிறேனா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. உன் விளக்கு என் நட்சத்திரத்தை எடுத்ததா, அது வருவதற்கு முன்பே கண் எடுத்துவிட்டதா? விளக்குதான் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பல்பையும் உடைத்துவிட்டேன். கண் கெட்டவன் அவ்வளவு தூரத்தில் ஒரு பல்பை உடைக்க முடியுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். எரிகிற விளக்கைக் கல்லால் அடிப்பது பெரிய காரியமில்லை என்றும் தோன்றுகிறது. ஆவணியில் படியில் விழுந்ததும் இருட்டால்தானா என்று தெரியவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்பாய். டாக்டர் சுவரில் எழுத்தைக் காட்டி வாசி என்பார். எனக்கு முன்னால் வாசிக்கிறவன் சொல்வதைக் கேட்டு நான் அதையும் மனப்பாடம் செய்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எரிநட்சத்திரம் ஒன்றைத்தான் மனப்பாடம் செய்ய முடியாது. எது, எங்கே, எப்போது என்று எவனுக்கும் முன்கூட்டித் தெரியாது. பார்த்தவன் பார்த்தான், அவ்வளவுதான். மார்கழி பிறப்பதற்கு முன்னால் டிசம்பரில் வருஷா வருஷம் ஓர் எரிநட்சத்திர மழை உண்டு. புனர்பூசம் இருக்கும் பக்கத்திலிருந்து கிளம்பும். இந்த வருஷம் அன்றைக்கு நிலாவும் தொந்தரவு செய்யாது. தீபமும் முடிந்திருக்கும், மலைமேல் ஜோதி இருக்காது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், யார் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். உன் ஆபீசில் சொல்லி அந்த ஒரு ராத்திரி நம் தெரு விளக்கை அணைக்க வேண்டியது நீ. கல்லால் செய்ய நான் தயார், ஆனால் முறையாக நீயே செய். தெருவில் சொல்ல வேண்டியது வள்ளி. நான் சொன்னால் சண்டையாகிவிடும். தீபத்தன்று மலையில் ஜோதி தெரியும் வரை இந்த ஊரே வீட்டில் விளக்கேற்றாமல் இருட்டில் நின்று காத்திருக்கிறதே, யார் உத்தரவு போட்டு? அதே மாதிரி ஒரு ராத்திரி என்று சொல்லச் சொல். அன்றைக்கு அவள் பூ கட்ட வேண்டியதைச் சாயந்திரமே கட்டி முடித்துவிடட்டும். மருமகள் பேப்பரைப் பார்த்துச் சரியான ராத்திரி எது என்று சொல்ல வேண்டும். கிழமைக் கணக்கு நான் போட மாட்டேன். என் கணக்கு தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. உன் அம்மா மரத்தைப் பார்க்க வேண்டாம். மறுநாள் காலையில் நானே அவள் கையைப் பிடித்து அழைத்துப் போய் மரத்தைக் காட்டுகிறேன்.

நீ என் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். ஒவ்வொன்று விழும்போதும் சின்ன வயதில் கத்தினாயே, அப்படியே "அதோ" என்று சொல்ல வேண்டும். எனக்காக ஒன்றைக்கூட முழுங்கக் கூடாது. நீ பல தரம் சொல்லி நான் ஒரு தரமும் சொல்லவில்லை என்றால், மறுநாள் காலை உன் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து கண் ஆஸ்பத்திரிக்கு வருவேன், வழியில் பேச மாட்டேன். மறுபடி விளக்கைப் போடச் சொல்லி நானே சொல்வேன், அதன் கீழே நாற்காலி போட்டு உட்காருவேன்.

நீ சொன்னதும் நானும் "பார்த்தேன்" என்று சொல்வேன். எனக்கு என்னைத் தெரியும், கட்டாயம் சொல்வேன். அப்போது சும்மா இருந்துவிடாதே. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று கேள். நான் தப்பாகச் சொன்னால், "இன்னும் நேரம் இருக்குதுப்பா" என்று சொல்லாதே. தப்பு என்று சொல்.

அப்பா